ஊசிலாங்குளத்து ரோடியோ

ஊசிலாங்குளத்தில் சடையப்பனின் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கொட்டிலில் கன்றுக்குட்டி காலையிலிருந்து பாலில்லாமல் கதறிக்கொண்டிருந்தது. சடையப்பன் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினான். இளகிய மனசுக்காரன், மூளை விஷயத்தில் மட்டும் ஊரோடு ஒத்துப்போகிறவன்.

அந்த ஊரின் அறிவாளி தவசிமுத்து. வடை மடித்து வந்த தாளைக்கூட எண்ணெய் துடைத்துப் படிப்பார். அப்படி ஒரு தாளில், அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் சொல்லும் ‘ரோடியோ’ என்ற வார்த்தையைப் பற்றிப் போட்டிருந்தது. ஸ்பானிஷ் மொழியிலிருந்து வந்ததாம். சுற்றி வளைப்பது என்று பொருளாம். சிதறிப்போன மாடுகளை அப்படித்தான் சேர்ப்பார்களாம். அதற்கு மேல் தாள் கிழிந்திருந்தது. தவசிமுத்துவுக்கு அதுவே போதும்.

கடலைக்காட்டில் நின்ற பசுவைச் சுற்றி ஊர்க்காரர்கள் கைகோத்து நின்றார்கள். வளையம் அம்சமாக அமைந்துவிட்டது. யார் போய்ப் பிடிப்பது என்பதில்தான் சிக்கல்.

“கையை விட்டா வளையம் அறுந்துரும். அப்புறம் அது ரோடியோ இல்ல” என்றார் தவசிமுத்து.

“பிடிக்கணும்னு தாள்ல போட்டிருக்காண்ணே?” என்று கேட்டான் ஒச்சப்பன்.

“வளைக்கணும்னுதான் போட்டிருக்கு.”

“அப்ப வேலை முடிஞ்சுதே.”

எல்லோரும் திருப்தியாக நின்றார்கள். வெளியே நின்ற சடையப்பனுக்குத்தான் கன்றை நினைத்து மனசு கேட்கவில்லை. கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கைகளுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தான். பசு அவன் வந்த வழியாகவே குனிந்து வெளியே போய்விட்டது. ஒருத்தரும் கையை விடவில்லை.

“மாடு போயிருச்சே” என்று சடையப்பன் அழுதேவிட்டான்.

தவசிமுத்து வளையத்தை ஒரு சுற்று பார்த்தார். எங்கும் அறுந்திருக்கவில்லை. அப்படியானால் உள்ளே இருப்பதுதான் பிடிபட்டது, கழுத்தில் கயிறும் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். சடையப்பனும் யோசித்துப் பார்த்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அவனை வளைத்தபடியே வீட்டுக்கு ஓட்டி வந்தார்கள். பசு அதற்குள் தானாக வந்து படலுக்கு வெளியே நின்று கன்றைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சடையப்பன் மனைவி பூரணம் படலைத் திறக்கப் போனாள். தவசிமுத்து தடுத்தார்.

“அது வளைச்ச மாடு இல்ல தாயி. தானா வந்தது. யார் வீட்டுதோ.”

பசுவை விரட்டிவிட்டு, சடையப்பனை முளையில் கட்டினார்கள். பூரணம் புருஷனையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். கன்றை அவிழ்த்து விடட்டுமா என்று கேட்டாள்.

சடையப்பன் களைப்போடு தலையாட்டினான்.

“விடு. ஆனா ரொம்ப எதிர்பாக்க வேணாம்னு சொல்லி விடு. இன்னைக்கு எனக்கு அலைச்சல் ஜாஸ்தி.”