தரைதட்டிய படகு

“வேதத்தை மீறாமல் இந்த உத்தரவை நிறைவேற்ற ஒரு வழி சொல்லுங்கள், மதர்.”

கேட்டவர் கடற்காவல் படையின் கேப்டன் பங்கிராஸ். கரையோர மடத்தின் தலைவி அமலோற்பவம் மதரிடம் சில வருடங்களாக ஜெபம் கற்றுவந்தார். மதர் அவரைவிட வயதில் இளையவர்.

மதர் துணி காயப்போடுவதை நிறுத்தாமலே, உத்தரவு என்னவென்று விசாரித்தார்.

அக்கரை நாட்டோடு போர் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து தப்பி வருகிற யாரையும் கரையேற்றக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. விடிந்ததிலிருந்து ஒரு படகு மணல்திட்டில் தரைதட்டி நிற்கிறது, அலை அதை உடைத்துக்கொண்டிருக்கிறது என்றார் பங்கிராஸ்.

“அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறதே.”

“இருக்கிறது.”

“அப்படியானால் நான் செய்வது சரிதானே?”

படகைப் பார்க்க வேண்டும் என்றார் மதர்.

கரையில் வீரர்கள் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்கள். பங்கிராஸ் தன் தொலைநோக்கியைக் கொடுத்தார். மதர் வெகுநேரம் பார்த்தார்.

“கொடி தெரிகிறதா? எதிரி நாட்டுப் படகு.”

“ஒருத்தி குழம்புச் சட்டியால் தண்ணீர் இறைக்கிறாள். அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது.”

தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மதர் கடலில் இறங்கினார்.

நிற்கச் சொல்லிக் கத்தினார் பங்கிராஸ். மதர் நிற்கவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது என்பது பங்கிராஸுக்குத் தெரியும்.

ஓர் அலை மதரை மூடியது. முக்காடு மட்டும் மிதந்தது.

பங்கிராஸ் ஓடிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினார். மதர் இருமினார். மூச்சு திரும்பியதும் மறுபடி படகை நோக்கியே நடந்தார்.

அவரைக் கரைக்கு இழுத்துப் போயிருக்கலாம். பங்கிராஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

பின்னால் தண்ணீர் சலசலத்தது. சுடப்போகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினார்.

வீரர்கள் துப்பாக்கிகளை மணலில் போட்டுவிட்டு வடக்கயிற்றோடு வந்துகொண்டிருந்தார்கள்.

உச்சிவெயிலில் படகு கரையேறியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. குழந்தைகள் வீரர்களின் தோளில் இருந்தார்கள். தண்ணீர் இறைத்தவள் மணலில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். கயிறு இழுக்கும்போது பாடிய பாட்டை இரண்டு நாட்டாரும் இன்னும் விடவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது. தலைமையகத்திலிருந்து மேலதிகாரி பேசினார். கரையில் ஒருவர்கூடக் காவலில் இல்லையாமே, எல்லோரும் எங்கே போய்விட்டீர்கள் என்று கேட்டார்.

பங்கிராஸ் நனைந்த சீருடையோடு நிமிர்ந்து நின்றார்.

“எல்லோரும் கடமையில்தான் இருக்கிறோம், ஐயா.”