நான்காவது கால்

தாசையனுக்கு முதலில் கெடுதல் செய்தவன் அனஞ்சபெருமாள். அவனுக்குப் பிறகு செய்தவர்களும் நாலைந்து பேர் உண்டு. ஆனாலும் பந்தியில் முதல் இலை அவனுக்குத்தான்.

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் மியூசியத்தில் இருவரும் அட்டெண்டர்களாக இருந்தார்கள். செத்த பிராணிகளைப் பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்துவது வேலை. முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால், ரோட்டில் அடிபட்ட கீரி ஒன்றைத் தாசையன் பாடம் பண்ணினார். அதன் கால்கள் பலகையில் காய்ந்துகொண்டிருந்தன. பிரின்சிபாலிடம் காட்டி நல்ல பேர் வாங்கும் அவசரத்தில் அனஞ்சபெருமாள் அதைப் பிடுங்கிப் பெட்டிக்குள் நிறுத்திவிட்டான்.

பத்தாம் நாள் ஒரு கால் அழுகி நாறியது.

"கால் வேலை தாசையனுக்க வேலையாக்கும் சார்" என்றான் அனஞ்சபெருமாள், எல்லார் முன்னாலும்.

அன்றைக்கே தாசையனைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும்வரை குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

இப்போது அறுபத்துமூன்று வயதில், மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் லீலாபாய் டீச்சரிடம் வந்து நின்றார். டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு புதிதாக ஒரு கீரி வந்திருந்தது.

"கால் மட்டும் சொல்லித் தாங்க டீச்சர். மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்."

"காலுதான் அண்ணாச்சி கஷ்டம். சின்னப் பிராணியோட கால் எல்லாரையும் ஏமாத்தும். வெளியே காஞ்ச மாதிரி இருக்கும். உள்ளே கொஞ்சம் சதை நின்னாலும் போச்சு."

டீச்சர் உள்ளங்காலில் மெல்லக் கீறினாள். விரல் எலும்புகளுக்கு நடுவே இருந்த சதையையும் நரம்பையும் சுரண்டி எடுத்தாள். அழுகாமலிருக்க வெண்காரப் பொடி தூவினாள். கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்தாள். விரல்களை விரித்துப் பலகையில் ஊசி குத்தினாள்.

"வெயில் கூடாது. நிழல்தான். மூணு வாரம்."

மற்ற மூன்று கால்களையும் தாசையனே செய்தார். அவருடைய கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

அப்போதெல்லாம் விரல்களை விரித்துப் பிடிப்பது அனஞ்சபெருமாள்தான். "லே மக்கா, கல்யாண மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுதது மாதிரில்லா இருக்கு!" என்பான். சிரிப்பில் தாசையனின் கத்தி ஆடும். "ஆட்டாதலே, கீரிக்கு நோவும்" என்பான் மறுபடி. மத்தியானம் ஒரே சோற்றுப் பொதியை இரண்டு பேரும் பிரித்துச் சாப்பிடுவார்கள். மீன் நடுத்துண்டை அவன் ஒருநாளும் எடுத்ததில்லை. சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் திங்கள்சந்தை பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

அந்த மணியை நினைத்ததும் தாசையனின் கை நின்றது.

அந்தக் கீரியின் மூன்று கால்களைக் கீறியது நன்றாக நினைவிருக்கிறது. நான்காவதைத் தொடும்போது மணி அடித்தது. கீறினாரா? இல்லை, நாளைக்குப் பார்க்கலாமென்று அப்படியே ஊசி குத்திவிட்டு ஓடினாரா?

வேலை முடிந்து கையுறையைக் கழற்றினார். கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், சதை நின்னு போனா அழுகும். காயுததுக்கு முன்னால எடுத்தாலும் அழுகும். எது எதனாலன்னு எப்படிக் கண்டுபிடிக்கது?"

டீச்சர் உள்ளறைக்குப் போனாள். கழித்துப் போட்டிருந்த அந்தப் பழைய கீரியை ஒரு தட்டில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மூன்று கால்கள் சற்றே சுருங்கியிருந்தன. நான்காவது கால் கறுத்து, முறுக்கிக் கிடந்தது.

"நாளைக்கு இதைப் புதைக்கப் போறோம். இன்னைக்குள்ள பார்த்துக்கிடலாம். அந்தக் காலைக் கீறினா தெரிஞ்சிரும்." கத்தியைப் பக்கத்தில் வைத்தாள்.

தாசையன் கத்தியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"அவன் வரட்டும். அவன் முன்னால வச்சுத்தான் கீறுவேன்."

"சொல்லி அனுப்பட்டுமா? வடசேரியிலதானே இருக்காரு."

"நாம எதுக்குக் கூப்பிடணும்? அவனாத்தான் வரணும். என் தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லணும் அவன்."

"வரலேன்னா?"

"வராம எங்க போவான்? அதுவரைக்கும் இது என் வீட்டிலே இருக்கட்டும். எதுக்குப் புதைக்கணும்?"

சொல்லிக்கொண்டே கீரியைத் தூக்கக் கை நீட்டினார். டீச்சர் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெறுங்கையால தொடாதீங்க அண்ணாச்சி. அந்தக் காலத்துத் தோலு. உள்ளே முழுக்கப் பாஷாணம்."

"தெரியும். நான்தானே பூசினேன். முப்பத்தோரு வருஷம் ஆச்சே டீச்சர், விஷம் இன்னுமா இருக்கும்?"

"கெட்டுப்போகக் கூடாதுன்னுதானே பூசினீங்க?"