தேக்கந்தோப்பில் குளவிகள்

மாசிலாமணி மடத்துக்கு வந்தபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். அதுவரை பட்டு நூல் எடுக்கும் தொழில். கூடுகளை உள்ளே இருக்கும் புழுவோடு கொதிக்கும் நீரில் போட்டு நூல் இழுத்த கைகள். இனி ஓர் உயிரும் தன் கண்முன் சாகக்கூடாது என்றுதான் மடத்தின் தலைவி பூரணி அம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மை அவரைவிட இளையவர்.

மடத்துக்குப் பின்னால் ஒரு தேக்கந்தோப்பு. அதற்கு மேலே காடு. முதல் மழை முடிந்ததும் தோப்பின் தளிரெல்லாம் புழுக்கள். கொசு அளவே இருந்த குளவி ஒன்று, ஒரு புழுவின் முதுகில் குத்திவிட்டுப் போவதை மாசிலாமணி பார்த்தார். சில நாட்களில், குளவி உள்ளே இட்டுப்போன முட்டைகளிலிருந்து வளர்ந்த குஞ்சுகள் அந்தப் புழுவைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தன. பக்கத்திலேயே நொய்யரிசி போல வெள்ளைக் கூடுகள் கட்டிக்கொண்டன. புழு செத்துப்போனது.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. அம்மையிடம் போனார்.

“உயிரோடு தின்கின்றன அம்மா. இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?”

“என்ன செய்யப்போகிறீர்கள்?”

“புழுக்களைக் காப்பாற்றப்போகிறேன்.”

அம்மை தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து குளவிக் கூடுகளைத் தேடித்தேடிப் பறித்து ஓடையில் விட்டார். கண்ணில் பட்ட குளவிகளைத் துண்டால் அடித்து விரட்டினார். தோப்பில் புழுக்கள் பிழைத்தன. அந்துப்பூச்சிகளாகி அந்தி நேரத்தில் கூட்டங்கூட்டமாகப் பறந்தன. வெகு காலத்துக்குப் பிறகு மாசிலாமணி நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தப் பூச்சிகள் இட்ட முட்டைகளும் பொரிந்தன. இம்முறை தோப்புக்குள் நின்றால் தூறல் விழுவதுபோல் சத்தம் கேட்டது. புழுக்களின் எச்சம் விழும் சத்தம். சில நாட்களில் ஒரு மரத்திலும் இலை இல்லை. இரை தேடிப் புழுக்கள் தண்டுகளில் இறங்கின, மண்ணில் ஊர்ந்தன. கூடையில் அள்ளிக்கொண்டுபோய்ப் புங்க மரத்தில் விட்டார். அந்த இலையை அவை தொடவில்லை. மரத்தடியெங்கும் குவியலாகச் செத்துக் கிடந்தன.

அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தவரை அம்மை எழுப்பி, மேலே காட்டுக்குள் கூட்டிப்போனார். அங்கே தேக்கு இலைகளில் ஓட்டைகள் இருந்தன; ஆனால் இலைகள் இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புழுக்கள். குளவிகளும் இருந்தன.

மாசிலாமணி இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“இங்கே யார் காப்பாற்றினார்கள் அம்மா?”

“யாரும் வரவில்லை.”

அப்போது ஒரு குளவி, எதிரே இருந்த இலையில் புழுவின் மேல் இறங்கியது. மாசிலாமணியின் கை தானாக எழுந்து, பாதியில் நின்றது. குளவி குத்திவிட்டுப் பறந்தது. புழு ஒருமுறை நெளிந்து, மறுபடியும் இலையைத் தின்னத் தொடங்கியது.

அவர் கையைத் தாழ்த்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“சும்மா இருப்பது கஷ்டமாக இருக்கிறது அம்மா.”

“இருக்கட்டும். கஷ்டமாக இல்லாமல் போகிற நாளில் என்னிடம் சொல்லுங்கள். அன்றைக்கு உங்களுக்கு இந்த மடத்தில் இடமில்லை.”