இரண்டு பேருக்கு நான்கு பாய்

"அம்மா, இயந்திரம் பொய் சொல்கிறது," என்றார் சீடர் அரங்கண்ணல்.

அவர் தலை நரைத்தவர். குருவான அந்த அம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மடம். அங்கே மந்திரம் சொல்லித்தருவதில்லை. கணினிக்குப் புதுமொழி செய்யச் சொல்லித்தருவார்கள். எழுதின வரியைக் கணினிக்குப் புரிகிற மாதிரி, எதற்குக் கீழே எது என்று கிளை பிரித்து, மரமாக்கத் தெரிந்தவர்தான் அங்கே தங்கலாம். தெரியாதவர் ஊருக்குப் போய்விட வேண்டும்.

அரங்கண்ணலுக்கு அன்று மாலைவரைதான் தவணை. இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தவர்.

"என்ன பொய்?" என்றார் குரு.

"'பெரியது' என்று ஒரு வேலை வைத்திருக்கிறேன். இரண்டு எண் கொடுத்தால் எது பெரியதோ அதைச் சொல்லும். இரண்டுதான் கொடுத்தேன். மூன்று வந்திருக்கிறது என்று அடம்பிடிக்கிறது."

"எழுதிக் காட்டுங்கள்."

அவர் மணலில் எழுதினார்.

பெரியது(கூட்டு(2, 3), 4)

"இதோ, கூட்டி வருவது ஒன்று. நாலு ஒன்று. இரண்டுதானே அம்மா?"

"கண்ணுக்கு இரண்டு. மரத்தில் எப்படிப் போட்டீர்கள்?"

"'பெரியது' என்பதை மேலே வைத்தேன். அடைப்புக்குள் இருப்பதைக் காற்புள்ளி வந்த இடமெல்லாம் வெட்டினேன். வெட்டின துண்டு ஒவ்வொன்றையும் அதற்குக் கீழே ஒரு கிளையாகத் தொங்கவிட்டேன். பிரிக்க முடிந்ததைப் பிரித்துவிடுவது. அதுதான் என் விதி."

குரு வாசல் பக்கம் பார்த்தார்.

"இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறேன். அவர்களையும் உங்கள் விதிப்படியே உட்கார வையுங்கள். பிரிக்க முடிந்ததைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய்."

முதலில் கரண்ட் வேலை செய்கிற தேனப்பன் கையை வீசிக்கொண்டு வந்தான்.

ஒரு பாய்.

அடுத்து மடத்தில் சமைக்க வேலை கேட்டு செவ்வந்தி வந்தாள். இடுப்பில் குழந்தை. குழந்தையின் கைக்குள் ஒரு எவர்சில்வர் மூடி.

அரங்கண்ணல் தயங்கினார். மாலைத் தவணை ஞாபகம் வந்தது. விதி என்றால் விதி.

செவ்வந்தியை ஒரு பாயில் உட்கார வைத்தார்.

குழந்தையை வாங்கிப் பக்கத்துப் பாயில் வைத்தார்.

அதன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, மூடியை எடுத்து அடுத்த பாயில் வைத்தார்.

குழந்தை வீல் என்று கத்தியது.

"மூடிக்கும் பாயா சார்?" என்றான் தேனப்பன். "அதுக்கும் ஒரு டம்ளர் மோர் குடுங்க. வெயில்ல வந்திருக்கு."

"ஏங்க, தலை இம்புட்டு நரைச்சிருக்கு," என்றாள் செவ்வந்தி. "புள்ள இருக்கிற வீட்டுப் பக்கமே போனதில்லையா நீங்க?"

குரு திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"இரண்டு பேரைத்தானே கூப்பிட்டேன்? நான்கு பாய் கிடக்கிறதே."

அரங்கண்ணலுக்கு வேர்த்துவிட்டது. ஒரு கையில் குழந்தையையும் ஒரு கையில் மூடியையும் வாரிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டையும் சேர்த்து செவ்வந்தி மடியில் போடப் போனார்.

"இருங்க இருங்க. மூடி எனக்கு எதுக்கு?" என்றாள் அவள். "அதை அவன் கையில குடுங்க. அப்புறம் அவனை எங்கிட்ட குடுங்க."

அவர் மூடியைக் குழந்தையின் கையில் வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன. அழுகை நின்றது.

குழந்தையை அவள் மடியில் வைத்தார்.

அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

அரங்கண்ணல் குனிந்தபடியே நின்றார். மூடியைப் பார்த்தார். மூடியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். குழந்தையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"இப்போது எத்தனை பேர்?" என்றார் குரு.

"இரண்டுதான் அம்மா. 2, 3 இரண்டும் 'கூட்டு' கையில்தான் இருக்க வேண்டும்," என்றார் அவர். செருப்பைக்கூட மாட்டாமல் இயந்திரம் இருந்த அறையைப் பார்த்து ஓடினார்.

"மோர் வராதா அப்போ?" என்றான் தேனப்பன்.

"என்னம்மா, அவர் பாட்டுக்கு எங்கேயோ போறாரு?" என்றாள் செவ்வந்தி.

"இனி எங்கேயும் போகமாட்டார்," என்றார் குரு.