எட்டடி மேடையில் ஒரு சோடா

பம்பு எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது என்று உலகம் நம்புகிறது. இந்தப் பெரும்பிழையை இன்றே களைந்தாக வேண்டும். பம்பு தன் வாயில் வெற்றிடத்தை மட்டுமே உண்டாக்குகிறது. எண்ணெயை மேலே தள்ளிவிடுவது வெளிக்காற்று.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பெட்ரோல் கிடங்கின் மேலாளர் கோதண்டபாணிக்கு இது தெரியாது. தண்ணீர் ஏற்றும் பெரிய பம்பு ஒன்றை வாங்கி எட்டடி மேடையில் வைத்தார். டேங்கர் லாரியிலிருந்து பெட்ரோல் ஏறவில்லை. வெறும் ஆவிதான் வந்தது.

"ஏல மரியசூசை, காலையில சோதிச்சப்ப தண்ணி ஏறிச்சுல்லா? சாயங்காலத்துக்குள்ள பெட்ரோலை ஏத்தலேன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

பம்பு தரையில்தான் இருக்க வேண்டும் என்று வாங்கும்போதே சொன்ன ஃபிட்டர் மரியசூசை பணிவாகக் கைகட்டினார்.

"ஏத்திருவோம் சார். வெயிலா இருக்கு, மொதல்ல ஒரு சோடா குடிங்க. நீங்க மேடையிலயே இருங்க. பாட்டில் கீழ இருக்கட்டும், டியூபை மேல தாரேன்."

லாரி டிரைவர்கள் கூடிவிட்டார்கள். மேலாளர் கன்னம் குழிய உறிஞ்சினார். வாய்க்கு வந்தது நுரையும் காற்றும்தான். பிறகு பெரிய ஏப்பம் ஒன்று வந்தது.

"சோடா எங்கல?"

"பாட்டில்லதான் இருக்கு சார். தண்ணின்னா வந்திருக்கும். இது இழுத்தா பொங்குற சரக்கு. பெட்ரோலுக்கும் அதே குணந்தான்."

ஒரு டிரைவர் கேட்டார்: "அண்ணாச்சி, சாராலயும் ஏத்த முடியலியே. நாளைக்கு அவரும் வர வேண்டாமா?"

அந்த வாரமே லாரியின் வயிற்றுக்குக் கீழே உட்காரும் சின்னப் பம்பு வந்தது. மரியசூசைதான் பொருத்தினார். கிடங்கு கேன்டீனில் இனி சோடா விற்கக் கூடாது என்று சுற்றறிக்கையும் வந்தது.