செம்பகம் ஜன்னலில் மாட்டிய துண்டு

அந்தக் காலத்தில் ஆடுமாடு மட்டுமா பேசியது? நம் உடம்புக்குள் இருக்கிற செல்களும்தான் பேசின. பேசின என்றா சொன்னேன், வாய் ஓயவே இல்லை. தொண்டையில் ஒரு தெரு. ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு. வீடு வேறு, வீட்டுக்காரி வேறு இல்லை. வீடு இடிந்தால் அவளும் போய்விடுவாள்.

அந்தத் தெருவுக்கு ஒரு பொல்லாத வீம்பு. உள்ளே என்ன சமைக்கிறோம் என்று வெளியே காட்டமாட்டார்கள். காவல்காரன் கருக்குவேல் கேட்டால்கூட, "எங்க அடுப்பை எட்டிப் பாக்க நீ யாருய்யா?" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவார்கள். அந்த அடுப்புக்கும் ஒரு குணம் உண்டு. உள்ளறையிலிருந்து சீட்டு வரும். சீட்டில் எழுதியிருப்பதைச் சமைக்கும். யார் எழுதிய சீட்டு என்று பார்க்கவே பார்க்காது.

நடுத்தெருவில் செம்பகம் இருந்தாள். அவளை ஒட்டிய வீடு மகள் பவளத்துடையது. செல்லுக்குப் பிரசவம் என்றால் தானே இரண்டாகப் பிரிவதுதான். பவளம் பிறந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, சுவர் இன்னும் ஈரமாக இருந்தது.

ஒருநாள் காலை வெளியே யாரோ தும்ம, அந்தக் காற்றோடு முள்ளன்கள் வந்து இறங்கினார்கள். இன்று நாம் வைரஸ் என்கிறோமே, அவர்கள்தான். அவர்களுக்கு வீடு இல்லை, அடுப்பு இல்லை, பசிகூடக் கிடையாது. மேலெல்லாம் முள் வைத்த ஒரு சட்டை, சட்டைக்குள் ஒரு சீட்டு. அவ்வளவுதான் ஆள்! ஆனால் அந்த முள்ளின் நுனி, தினமும் உப்பு கொண்டுவருகிறவனின் விரலைப் போலவே இருந்தது. தாழ்ப்பாளில் விரல் பொருந்தினால் கதவைத் திறந்துவிடுவது அந்தத் தெரு வழக்கம். ஆளை யாரும் பார்ப்பதில்லை.

செம்பகம் வீட்டுத் தாழ்ப்பாள் அசைந்தது. "உப்பா? வச்சிட்டுப் போப்பா" என்றாள், திரும்பிக்கூடப் பாராமல்.

வந்த பாவி சட்டையைக் கழற்றி எறிந்தான், சீட்டை அடுப்பில் வைத்தான். அத்தோடு அவன் கதை முடிந்தது. அடுப்பின் கதை அப்போதுதான் ஆரம்பம். முள், சட்டை, சீட்டு. முள், சட்டை, சீட்டு. பத்து முள்ளன், நூறு முள்ளன். "நிறுத்து! நிறுத்தித் தொலை!" என்று செம்பகம் அடுப்பை அடித்தாள். அடுப்பு கேட்டால்தானே!

அதற்குள் தெருக்கோடியில் மாரிக்கொழுந்து வீடு படாரென்று வெடித்தது. அதிலிருந்து கிளம்பின முள்ளன்கள் அக்கம்பக்கத்துத் தாழ்ப்பாளையெல்லாம் பிடித்து ஆட்டினார்கள். கருக்குவேல் அங்கும் இங்கும் ஓடினான். தெருவில் ஒருவனைப் பிடித்தால் பத்துப் பேர் வீடுகளுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். கதவைத் தட்டிக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "இங்க ஒண்ணுமில்லையே!" மானம் போய்விடுமாம்.

செம்பகம் கதவையும் தட்டினான். "அக்கா, உள்ளே எல்லாம் சரியா இருக்கா?"

'ஒண்ணுமில்லை' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பார்த்தாள், தன் வீட்டில் பவளம் பக்கத்துச் சுவர் வெடிக்கிற மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரைப் படபடவென்று தட்டினாள்.

"அடியே பவளம்! உப்புன்னு எவன் வந்தாலும் திறக்காதே! அடுப்பை அணை!"

"என்னம்மா ஆச்சு?"

"அணைடீன்னா அணை!"

பிறகு அடுப்பில் வெந்துகொண்டிருந்த ஒரு முள்ளை ஒடித்து, அந்தத் துண்டை ஜன்னலில் மாட்டினாள். "வாயால சொன்னா நீ நம்பமாட்டே. கண்ணால பாரு கருக்குவேலு. என் அடுப்புல வெந்தது."

அவன் முகம் செத்துப்போனது. "அக்கா, இதைப் பார்த்தப்புறம் நான் வீட்டை இடிச்சாகணுமே. இடிச்சா நீ..."

"எனக்குத் தெரியாதா? இது தானா வெடிச்சா முதல்ல போறது எம்மக வீட்டுக்குத்தான். மரம் மாதிரி நிக்காதே, இடிய்யா!"

இடித்தான். அழுதுகொண்டேதான் இடித்தான். ஒரு முள்ளன்கூட முழுசாக வெளியே வரவில்லை.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லுப்பட்டறைக்கு ஓடினான். கொல்லன் அதன் அளவுக்கு, மாட்டுக் கொம்பு நுனியில் மாட்டுவார்களே அதுபோல, ஒரு குப்பி செய்தான். முள்ளின் மேல் மாட்டிவிட்டால் அது எந்தத் தாழ்ப்பாளிலும் பொருந்தாது. ஆயிரக்கணக்கில் அடித்தான். மூன்று நாள் ஊரே அனலாய்க் கொதித்தது. முள்ளன்கள் ஒழிந்த பிறகும், கொல்லன் அந்தக் குப்பியின் அச்சை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

நாலாம் நாள் பவளம் அடுப்பை மூட்டினாள். முதலில் வெந்ததில் ஒரு துண்டை எடுத்து ஜன்னலில் மாட்டினாள். தெரு பார்த்தது. ஒருத்தியும் மானத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரியும் மாட்டினாள்.

அன்று தொடங்கியதுதான் இந்த வழக்கம். செல்கள் தாங்கள் சமைப்பதில் ஒரு துண்டை இன்றும் வெளியே மாட்டி வைக்கின்றன. ஒன்றுமே மாட்டாத வீட்டைக் காவல் சும்மா விடுவதில்லை. தட்டம்மை ஒருதரம் வந்தவருக்கு மறுபடி வராததும் கொல்லன் வைத்திருக்கும் அச்சால்தான். காய்ச்சலில் தொண்டை எரிந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். அங்கே எவளோ ஒரு செம்பகம், "நிக்காதே, இடி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.