கவிராயருக்குப் பிடித்த பாட்டு

முன்னொரு காலத்தில் ஆமூர் நாட்டை வீரகோடி என்று ஒரு ராஜா ஆண்டார். காலையில் ஒருவனுக்கு மாலை போடுவார், மாலையில் அவனையே ஊரைவிட்டுத் துரத்துவார். அப்படியொரு மனுஷர்.

அவர் சபையில் முன்வரிசை ஆசனம் அம்பலவாணக் கவிராயருடையது. இருபது வருஷமாக அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அப்போதுதான் செக்கு ஓட்டுகிற மாடசாமி வந்து சேர்ந்தான். ராஜாவுக்கு வேட்டைப் பாட்டு, ராணிக்கு அவள் பிறந்த ஊர்ப் பாட்டு, தளபதிக்கு அவர் குதிரையைப் பற்றியே ஒரு பாட்டு என்று ஆள் பார்த்துப் பாடினான். சபையே சொக்கிப்போனது. கவிராயருக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கமும் போயிற்று.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் எழுந்தே விட்டார். "மகாராஜா, இவன் எல்லாரையும் மயக்குவானாமே! என்னை மயக்கட்டும் பார்க்கலாம்."

ராஜாவுக்கு ஒரே குஷி. கவிராயர் வாய் திறந்து மெச்சினால் அவருடைய ஆசனம் மாடசாமிக்கு, மெச்சாவிட்டால் மாடசாமி நாட்டை விட்டே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். கவிராயர் உதட்டை இறுக்கிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தார். தேவலோகப் பாட்டே வந்தாலும் அசைவதில்லை என்று முடிவு.

மாடசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான்.

"செக்கைச் சுத்தி வந்த பய, சீருந் தெரியாத பய,
பக்கம் வந்தா எண்ணெய் வாடை, பாட்டிலயும் அதே வாடை,
முக்கி முக்கிப் பாடினாலும் மூணு வரி தேறாது,
முன்வரிசை ஆசனம் இந்த மாடசாமி மூஞ்சிக்கு ஆகாது!"

முதல் வரியிலேயே கவிராயரின் உதடு தளர்ந்தது. இரண்டாவதில் தொடையில் தாளம். மூன்றாவதில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாட்டு முடிந்ததும் அவரையும் மீறி வாய் திறந்தது.

"சபாஷ்டா! இன்னொரு தரம் பாடு."

சபையே அவரைத் திரும்பிப் பார்த்தது. தான் என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

மாடசாமி கைகட்டிச் சொன்னான்: "ஐயாவுக்குப் பூவும் பிடிக்காது, நிலாவும் பிடிக்காது மகாராஜா. என்னை யாராவது திட்டினால்தான் பிடிக்கும். அதனால் நானே திட்டிக்கொண்டேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஆசனம் அந்த நிமிஷமே கைமாறியது. கவிராயர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார்.

மறுநாள் ஆற்றில் குளிக்கும்போது அவர் வாய் தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுத்தது. என்னவென்று கவனித்தால் மாடசாமியின் பாட்டு. பாழாய்ப்போனது, நன்றாக வேறு இருந்தது.